பள்ளிப் பொறியியல் மன்றம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகள் கையால் செய்து பழக ஒரு பொறியியல் மன்றத்தைத் தொடங்க நினைக்கும் ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் எழுதிய பக்கம் இது. இருபது மாணவர்கள், ஒரு ஆசிரியர், ஒரு பழைய லேப் அறை, பூட்டுள்ள ஒரு பீரோ. இந்த அளவை மனதில் வைத்துத்தான் எல்லா எண்ணிக்கையும் தந்திருக்கிறோம்.

மன்றத்தில் அப்படி என்னதான் செய்வார்கள்?

ஜூன், ஜூலையில் ஐஸ் குச்சியால் பாலம் கட்டி, அதைப் பாரம் ஏற்றி உடைப்பார்கள். ஆகஸ்டில் சால்டரிங் (உலோகக் கம்பியை உருக்கி வயரை ஒட்டுவது) பழகுவார்கள். செப்டம்பரிலிருந்து அரையாண்டுத் தேர்வுவரை கறுப்புக் கோட்டைப் பார்த்து ஓடும் வண்டி ஒன்றைக் குழுவாகச் செய்வார்கள். ஜனவரிக்குப் பிறகு ஒன்பதும் பதினொன்றும் மட்டும் வருவார்கள்; பத்துக்கும் பன்னிரண்டுக்கும் மார்ச்சில் பொதுத்தேர்வு இருப்பதால், அவர்களைப் பிடித்து வைத்தால் மன்றத்துக்குத்தான் கெட்ட பெயர். மீதமுள்ள வாரங்களில் அவரவர் யோசனையைச் செய்து பார்க்கலாம்.

வானவில் மன்றம் இருக்கிறதே, அடல் டிங்கரிங் லேப் இருக்கிறதே, இது எதற்கு?

தமிழ்நாட்டு அரசு 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கானது. அதில் அறிவியல், கணிதச் சோதனைகளைச் செய்து பார்த்த பிள்ளை ஒன்பதாம் வகுப்புக்கு வந்ததும் கைவேலை சட்டென்று நின்றுபோகிறது. அந்த இடத்தில்தான் இந்த மன்றம் தொடங்குகிறது. நிதி ஆயோக்கின் அடல் டிங்கரிங் லேப் ஆறு முதல் பன்னிரண்டு வரைக்கும் உண்டு. தேர்வான பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை மானியம் தரும் திட்டம் அது. உங்கள் பள்ளியில் அந்த லேப் இருந்தால் தனியாக எதுவும் வாங்காதீர்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று கேளுங்கள். 3டி பிரின்டர் உறை பிரிக்காமலே இருக்கும் லேப்களுக்குக் குறையில்லை.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

நான்கு பேர் கொண்ட ஐந்து குழு. ஐந்தாவது ஆள் சேர்ந்தால் அவர் வேடிக்கை பார்ப்பவர் ஆகிவிடுவார். வாரம் ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். ஒரு பீரியட் போதாது: பொருளை எடுத்து வைக்கப் பத்து நிமிடம், எண்ணித் திருப்பி வைக்கப் பத்து நிமிடம் போக, வேலைக்கு இருபத்தைந்து நிமிடம்கூட மிஞ்சாது. குழுவில் ஸ்க்ரூ டிரைவர், மல்டிமீட்டர் (வோல்ட், ஓம் அளக்கும் மீட்டர்), கீபோர்டு, நோட்டு ஆகிய நான்கும் வாரம் தோறும் கை மாற வேண்டும். மாற்றாவிட்டால், முதல் வாரத்தில் யார் நோட்டு எழுதினார்களோ அவர்களே கடைசிவரை எழுதுவார்கள். அது பெரும்பாலும் மாணவியாக இருக்கும்.

முதலில் என்ன வாங்க வேண்டும்?

மல்டிமீட்டர் மூன்று. ரோபோ கிட்டுக்கு முன்னால் இதை வாங்குங்கள், காரணம் கீழே வரும். 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்று ஸ்டாண்டோடு, 60/40 சால்டர் கம்பி ஒரு சுருள், சால்டரை உறிஞ்சி எடுக்கும் பம்ப் ஒன்று. கட்டிங் பிளேயர், சிறிய ஸ்க்ரூ டிரைவர் செட், வயர் உரிக்கும் கருவி குழுவுக்கு ஒன்று.

வண்டிக்கு: ஆர்டுயினோ உனோ போர்டு (புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு கணினிப் பலகை) 6, எல்298என் மோட்டார் டிரைவர் (போர்டு சொல்கிறபடி மோட்டாருக்குப் பேட்டரி பவரைக் கொடுக்கும் பலகை) 7, மஞ்சள் நிற டிடி கியர் மோட்டார் சக்கரத்தோடு 14, ஐஆர் (அகச்சிவப்பு) சென்சார் 12, 830 துளை பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் வயர் சொருகும் பலகை) 6, இரண்டு லித்தியம் செல் பிடிக்கும் ஹோல்டர் 6, ஜம்பர் வயர் 40 கொண்ட பட்டை ஆண்-ஆண் மூன்று, ஆண்-பெண் மூன்று. 220 ஓம், 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஐம்பது ஐம்பது. எல்ஈடி ஐம்பது. ஐந்து குழுவுக்கு ஏன் ஆறும் ஏழும் என்று ஹெச்.எம். கேட்டால், டிரைவரும் மோட்டாரும் சீக்கிரம் பழுதாகிப் போகும் பொருள்கள் என்று சொல்லிவிடுங்கள். சென்னைக்காரர்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரே நடையில் எல்லாம் வாங்கிவிடலாம்.

வண்டியின் அடித்தட்டுக்கு அக்ரிலிக் ஷீட் வாங்க வேண்டாம். பரீட்சை எழுத வைத்துக்கொள்ளும் அட்டையே போதும். துளை போட எளிது, உடைந்தால் வேறொன்று எடுத்துக்கொள்ளலாம்.

மல்டிமீட்டருக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

"சார், ஓடல" என்று வரும் பிள்ளையிடம் "எங்க எத்தனை வோல்ட் இருக்கு?" என்று திருப்பிக் கேட்க முடிய வேண்டும். மீட்டர் இல்லாத மன்றத்தில் பிள்ளைகள் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் சொருகுவார்கள். சில நேரம் ஓடிவிடும், ஏன் ஓடியது என்று தெரியாது.

முதல் நாளிலேயே மூன்றைப் பழக்குங்கள். ஒன்று, 20 வோல்ட் டிசி ரேஞ்சில் பேட்டரி அளப்பது. இரண்டு, பீப் ஒலிக்கும் கன்டினியூட்டி (வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது). ஜம்பர் வயரின் இரு முனையையும் தொட்டு, நடுவில் வளைத்துப் பார்த்தால் உள்ளே அறுந்த வயர் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அப்படி மாட்டிய வயரைக் கட்டரால் வெட்டிக் குப்பையில் போடுங்கள். பெட்டிக்குள் போட்டால் அடுத்த வாரம் வேறு குழுவைப் படுத்தும். மூன்று, ஓம் அளக்கும்போது பவரை நிறுத்துவது.

அதிகம் நடக்கும் தவறு இது: 10 ஆம்பியர் சாக்கெட்டில் சிவப்பு வயரைச் சொருகி கரன்ட் அளந்துவிட்டு, வயரை அங்கேயே விட்டுவிடுவார்கள். அடுத்த ஆள் வோல்ட் அளப்பதாக நினைத்து பேட்டரியின் இரு முனையையும் தொடுவார். அந்த சாக்கெட்டின் உள்ளே கிட்டத்தட்ட வெறும் கம்பிதான், அதனால் பேட்டரி நேரடியாக ஷார்ட் ஆகிறது. மலிவான மீட்டர்களில் அந்த வழியில் பியூஸும் கிடையாது. பள்ளி மன்றத்துக்கு 10 ஆம்பியர் அளவே தேவைப்படாது. அந்தத் துளையை இன்சுலேஷன் டேப்பால் ஒட்டி மூடிவிடுங்கள்.

ஐஸ் குச்சிப் பாலம் சின்னப் பிள்ளை விளையாட்டு மாதிரி இருக்கிறதே?

எலக்ட்ரானிக்ஸில் தப்பு கண்ணுக்குத் தெரியாது. பாலத்தில் எது முறிந்தது என்று இருபது பேரும் பார்க்கலாம். அதனால்தான் இதில் தொடங்குகிறோம்.

குழுவுக்கு 100 குச்சி, ஃபெவிகால், துணி மாட்டும் கிளிப் இரண்டு டஜன். இரண்டு மேசைக்கு நடுவே 40 செ.மீ. இடைவெளி. பாலத்தின் நடுவில் வாளியைத் தொங்கவிட்டு, ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போங்கள். லிட்டருக்கு ஒரு கிலோ, தராசே வேண்டாம். வாளியின் அடி தரையிலிருந்து நான்கு விரல் உயரத்தில் இருக்கட்டும், விழுந்தால் யார் காலிலும் விழாது.

பசையை மெல்லிசாகத் தடவி, கிளிப் போட்டு, ஒரு நாள் முழுக்கக் காய விட வேண்டும். கெட்டியாக அப்பினால் வெளிப்பக்கம் காய்ந்து உள்ளே ஈரமாகவே நிற்கும். செய்த அன்றே சோதிக்கத் துடிக்கும் குழுவின் பாலம் மூட்டில் வழுக்கிக் கழன்றுவிடும், குச்சி ஒன்றுகூட முறிந்திருக்காது.

நன்றாகக் காய்ந்த பாலங்கள் பெரும்பாலும் மேல்பக்கக் குச்சி வில்லாக வளைந்து உடைகின்றன. கீழ்ப்பக்கம் இழுபடுகிறது, மேல்பக்கம் அமுக்கப்படுகிறது. அமுக்கப்படும் குச்சியின் நீளம் இரட்டிப்பானால் வளையாமல் தாங்கும் சுமை கால்வாசியாகக் குறையும். ஆகவே மேல்பக்கத்தில் முக்கோணங்களைச் சிறிதாக்க வேண்டும், அல்லது இரண்டு குச்சியை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்ட வேண்டும். ஒட்டு சரியாக இருந்தால் விறைப்பு எட்டு மடங்கு. இரண்டு பக்கச் சட்டத்தையும் குறுக்குக் குச்சியால் பிணைக்காமல் விட்ட பாலம் சுமை ஏறியதும் பக்கவாட்டில் சாய்ந்து படுத்துவிடும். முதல் பாலம் உடைந்த பிறகு அதே 100 குச்சி கொடுத்து இரண்டாவது பாலம் கட்டச் சொல்லுங்கள். அந்த இரண்டாவது பாலத்துக்குத்தான் இந்த இரண்டு மாதமும்.

சால்டரிங் ஆபத்தில்லையா?

முனையின் சூடு 350 டிகிரி அளவில் இருக்கும்; தொட்டால் சுடும். கவனமாகச் செய்தால் அதற்கு மேல் பயப்பட ஒன்றுமில்லை. 60/40 கம்பியில் 40 பங்கு ஈயம், அதனால் வேலை முடிந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவாமல் யாரும் டிபன் பாக்ஸைத் தொடக் கூடாது. புகை கம்பிக்குள் இருக்கும் ரெசினிலிருந்து வருவது. ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, டேபிள் ஃபேனைப் புகையை வெளியே தள்ளும்படி திருப்பி வையுங்கள். கண்ணாடி அணிந்திருக்க வேண்டும், ஏனென்றால் வெட்டிய வயர் நுனி கண்ணுக்குத்தான் பறக்கும். ஒரு மேசையில் ஒரு அயர்ன், இரண்டு பேர். அயர்ன்கள் சொருகும் பலகைக்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கட்டும். அயர்னையும் சார்ஜரையும் சொருகுவதைத் தவிர 230 வோல்ட்டில் மாணவர்கள் எந்த வேலையும் செய்யக் கூடாது.

செய்யும் முறை: முனையால் வயரையும் தகட்டையும் சேர்த்துத் தொட்டு இரண்டு விநாடி சூடேற்றி, சால்டர் கம்பியை மூட்டில் வையுங்கள், முனையில் வைக்காதீர்கள். உருகிப் பரவியதும் முதலில் கம்பியை எடுத்து, பிறகு அயர்னை எடுத்து, ஆறும்வரை அசைக்காமல் பிடியுங்கள். நல்ல மூட்டு பளபளப்பாக, சரிந்த மண்மேடு மாதிரி இருக்கும். உருண்டையாக மணி போல நின்றால் தகடு சூடாகவில்லை. மங்கலாக, சொரசொரப்பாக இருந்தால் ஆறும்போது அசைந்திருக்கிறது. இந்த இரண்டும் இன்று வேலை செய்து போட்டி அன்று கழன்றுகொள்ளும் ரகம்.

டிடி மோட்டாரில் வயர் மாட்டும் செப்புக் காது மிக மெல்லியது. வயரைச் சால்டர் செய்ததும் அதை மோட்டார் உடம்போடு டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் இரண்டு முறை வயர் இழுபட்டாலே காது முறியும். முறிந்தால் மோட்டார் அவ்வளவுதான்.

கோடு பார்த்து ஓடும் வண்டியை எந்த வரிசையில் செய்வது?

எல்லாவற்றையும் பூட்டிவிட்டுக் கடைசியில் சுவிட்ச் போடுவதுதான் பிள்ளைகளின் இயல்பு. அதைத் தடுப்பதுதான் ஆசிரியரின் வேலை. முதல் வாரம் போர்டில் ஒரு எல்ஈடி, 220 ஓம் ரெசிஸ்டரோடு. இரண்டாம் வாரம் ஐஆர் சென்சார் மட்டும்: வெள்ளைச் சார்ட்டில் அதன் சிறு விளக்கு எரிய வேண்டும், கறுப்பு டேப்பில் அணைய வேண்டும். தரையிலிருந்து சென்சார் ஒரு செ.மீ.க்குள் இருக்கட்டும், மேலே உள்ள திருகை மெல்லத் திருப்பி அந்த எல்லையைப் பிடியுங்கள். மூன்றாம் வாரம் டிரைவரும் ஒரு மோட்டாரும். நான்காம் வாரம்தான் வண்டி.

இரண்டு சென்சாரும் கோட்டின் இரு புறமும் வெள்ளையில் நிற்க வேண்டும். இடது சென்சார் கறுப்பைப் பார்த்தால் இடது சக்கரம் நின்று வலது சக்கரம் சுற்றும், வண்டி கோட்டுக்குத் திரும்பும். புரோகிராமில் முழு வேகம் 255; அதில் 120 அளவில் வைத்துத் தொடங்குங்கள். அதைவிட ரொம்பக் குறைத்தால் மோட்டார் முனகும், சுற்றாது. முழு வேகம் வைத்தால் வளைவில் கோட்டைத் தாண்டிய பிறகுதான் சென்சார் விழித்துக்கொள்ளும். ஒரே பெட்டியில் வந்த இரண்டு மோட்டாரும் ஒரே வேகத்தில் ஓடாது. நேர்கோட்டில் வண்டி ஒரு பக்கம் இழுத்தால் வேகமான பக்கத்தின் எண்ணை ஐந்து ஐந்தாகக் குறையுங்கள்.

காலையில் நன்றாக ஓடிய வண்டி மாலையில் ஜன்னல் பக்கம் போனதும் தறிகெட்டு ஓடுகிறதா? வெயிலில் அகச்சிவப்புக் கதிர் ஏராளம், சென்சாரின் கண் கூசிவிடுகிறது. சென்சாரைச் சுற்றிக் கறுப்பு அட்டையில் ஒரு பாவாடை கட்டிவிடுங்கள்.

"சார், ஓடல". எங்கே பார்ப்பது?

மோட்டாரே அசையவில்லை என்றால் முதலில் பேட்டரியை, வண்டி ஓட முயலும்போதே அளந்து பாருங்கள். சும்மா வைத்து அளந்தால் சதுர 9 வோல்ட் பேட்டரிகூட 9 காட்டும், மோட்டாரை இணைத்ததும் படுத்துவிடும். ஸ்மோக் அலாரத்துக்கும் மீட்டருக்கும் ஆன பேட்டரி அது, வண்டிக்கு ஆகாது.

அடுத்து எல்298என். பழைய வகை டிரைவர், தனக்கென்று 2 வோல்ட் அளவுக்குச் சாப்பிட்டுவிடும். நான்கு பென்சில் செல் போட்டு 6 வோல்ட் கொடுத்தால் மோட்டாருக்கு 4 தான் போய்ச் சேரும். ரீசார்ஜ் செல் என்றால் 3-க்கும் கீழே. இரண்டு லித்தியம் செல்லின் 7.4 வோல்ட்டில் 5.4 மிஞ்சும், அது போதும். காசு இருந்தால் டிபி6612 டிரைவர் வாங்குங்கள், அதில் இந்த நஷ்டம் மிகக் குறைவு.

போர்டில் விளக்கு எரிகிறது, மோட்டார் கிறுக்குத்தனமாக நடுங்குகிறது என்றால் கிரவுண்ட் வயரைத் தேடுங்கள். உனோவின் கிரவுண்டும் டிரைவரின் கிரவுண்டும் பேட்டரியின் மைனஸும் ஒன்றாகச் சேர வேண்டும். கேட்கும் கேள்விகளில் பாதிக்குப் பதில் இந்த ஒற்றை வயர்தான்.

வேகம் மாறவே இல்லையா? டிரைவரில் இஎன்ஏ, இஎன்பி முனைகளில் மாட்டியிருக்கும் குட்டி ஜம்பர் தொப்பியைக் கழற்றினீர்களா பாருங்கள். அது இருக்கும்வரை முழு வேகம்தான். கழற்றி, அங்கிருந்து உனோவின் 5, 6-ஆம் முனைகளுக்கு வயர் கொடுங்கள். 9, 10-இல் கொடுத்துவிட்டுப் பிறகு வண்டிக்குக் கை வைக்க ஒரு செர்வோ (சொன்ன கோணத்துக்குத் திரும்பி நிற்கும் மோட்டார்) சேர்த்தால், அதை இயக்கும் தயார் புரோகிராமான செர்வோ லைப்ரரி அந்த இரண்டு முனையின் வேகக் கட்டுப்பாட்டையும் எடுத்துக்கொள்ளும். நேற்றுவரை ஓடிய சக்கரம் நின்றுவிடும், புரோகிராமில் ஒரு வரிகூடத் தப்பாக இருக்காது.

புரோகிராம் ஏறவில்லை என்றால் உனோவின் 0, 1-ஆம் முனைகளில் ஏதாவது சொருகியிருக்கிறதா பாருங்கள். கணினியோடு பேசும் முனைகள் அவை. அதுவும் இல்லை, போர்ட்டே தெரியவில்லை என்றால் கேபிள் சார்ஜ் மட்டும் ஏற்றும் ரகமாக இருக்கும், அல்லது கணினியில் சிஎச்340 சிப்புக்கான டிரைவர் மென்பொருள் நிறுவப்பட்டிருக்காது. மலிவான உனோ போர்டுகளில் அந்தச் சிப்தான்.

மோட்டார் திசை மாறும்போதெல்லாம் போர்டு ரீசெட் ஆகிறதா? மோட்டாரின் இரு காதுக்கும் குறுக்கே 104 என்று எழுதிய சிறு கெபாசிட்டர் ஒன்றைச் சால்டர் செய்யுங்கள். பவர் வழியில் 470 மைக்ரோஃபாரட் ஒன்றை, பிளஸ் மைனஸ் பார்த்து மாட்டுங்கள்.

லித்தியம் செல்லைப் பிள்ளைகள் கையில் கொடுக்கலாமா?

சார்ஜ் செய்வதும் ஹோல்டரில் போடுவதும் ஆசிரியர் கையில் இருக்கட்டும். 18650 என்னும் உருளை லித்தியம் செல் நிறைந்தால் 4.2 வோல்ட், 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்க விடக் கூடாது. சாவிக்கொத்து உள்ள பையில் வெறும் செல்லைப் போட்டால் ஷார்ட்டாகித் தீப்பிடிக்கும், பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள். உறை கிழிந்தது, உப்பியது, தண்ணீரில் விழுந்தது எதையும் மறுபடி சார்ஜ் செய்யாதீர்கள். கொள்ளளவு 9900 எம்ஏஎச் என்று அச்சடித்து விற்கும் செல் போலி. இந்த அளவுச் செல்லில் நல்ல தயாரிப்பே 3500 பக்கம்தான் தரும்.

கணினி பற்றாக்குறை. என்ன செய்யலாம்?

ஐந்து குழுவுக்கு இரண்டு கணினி போதும். ஒரு குழு புரோகிராம் ஏற்றும்போது மற்றவை வயரிங் செய்யட்டும். பள்ளி லேப் கணினியில் சாஃப்ட்வேர் நிறுவ முன்கூட்டியே அனுமதி வாங்கிவிடுங்கள், வகுப்பு நாளில் பாஸ்வேர்டு தேடி அலைய வேண்டாம். ஆண்ட்ராய்டு போனில் ஓடிஜி கேபிள் (போனோடு யூஎஸ்பி பொருளை இணைப்பது) போட்டும் உனோவுக்குப் புரோகிராம் ஏற்றலாம். போர்டே இல்லாத நாளில் டிங்கர்கேட் தளத்தில் சுற்றை வரைந்து ஓட்டிப் பார்க்கலாம், இலவசம். ஆனால் அங்கே லூஸ் கான்டாக்ட் கிடையாது என்பதை மறக்க வேண்டாம்.

புரோகிராமை இணையத்திலிருந்து அப்படியே எடுக்கலாமா?

எடுக்கட்டும். ஆனால் நோட்டில் ஒவ்வொரு முனைக்கும் எந்த வயர் போகிறது என்று எழுதிய பிறகு. எடுத்த புரோகிராமில் முனை எண் வேறாக இருக்கும், அதைத் தேடி மாற்றத் தெரிந்த பிள்ளை பாதி கற்றுவிட்டது.

செடிக்குத் தானே தண்ணீர் ஊற்றும் கருவி செய்யலாமா? பிள்ளைகள் அதைத்தான் கேட்கிறார்கள்.

தாராளமாக. இரண்டு இடத்தில் மட்டும் சறுக்கும். ஈரம் அளக்கும் முள் போன்ற மலிவான சென்சாரில் எப்போதும் கரன்ட் ஓடினால், மின்பகுப்பால் ஒரு முள் சில வாரத்திலேயே அரித்துப்போகும். அளக்கும் நொடிக்கு மட்டும் ஒரு டிஜிட்டல் முனையிலிருந்து அதற்குப் பவர் கொடுங்கள், அரை மணிக்கு ஒருமுறை போதும். கெபாசிட்டிவ் சென்சார் வாங்கினால் அரிக்காது, ஆனால் அதன் மேல்பாதியில் உள்ள சிப்புகளில் தண்ணீர் படக் கூடாது. ஓரங்களில் நெயில் பாலிஷ் பூசிவிடுங்கள். அடுத்தது பம்ப். உனோவின் ஒரு முனை 20 மில்லி ஆம்பியர் கொடுக்கத்தான் ஏற்றது, பம்ப் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். நேராக மாட்டினால் அந்த முனை போய்விடும். நடுவில் ரிலே போர்டு (சிறு கரன்ட்டால் பெரிய கரன்ட்டை இயக்கும் சுவிட்ச்) வையுங்கள். டிரான்சிஸ்டர் வைத்தால் பம்புக்குக் குறுக்கே ஒரு 1என்4007 டையோடைத் திருப்பிப் போட மறக்காதீர்கள்.

போட்டிகளுக்கு அனுப்பலாமா?

இரண்டாம் ஆண்டிலிருந்து. மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்துக்கு யோசனையைப் பள்ளி வழியே அனுப்பலாம், தேர்வானால் மாதிரி செய்ய 10,000 ரூபாய் வரும். அதற்கு எழுதும்போது "விவசாயிகளுக்குப் பயன்படும்" என்று பொதுவாக எழுதாமல், யாருடைய எந்த வேலை, இப்போது அதை எப்படிச் செய்கிறார்கள், எத்தனை நிமிடம் ஆகிறது என்று அளந்து எழுதச் சொல்லுங்கள்.

மே மாத விடுமுறையில் பொருட்களை எப்படி வைப்பது?

ஹோல்டரிலிருந்து எல்லா லித்தியம் செல்லையும் கழற்றி, 3.8 வோல்ட் அளவுக்குக் கொண்டுவந்து, வெயில் படாத இடத்தில் டப்பாவில் வையுங்கள். நிறையச் சார்ஜ் ஏற்றி வைத்தால் சீக்கிரம் கிழடு தட்டும். சால்டரிங் அயர்ன் முனையில் புதுச் சால்டர் கொஞ்சம் பூசி ஆற விடுங்கள், துரு ஏறாது. எத்தனை உனோ, எத்தனை மோட்டார் என்ற பட்டியலைப் பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். மல்டிமீட்டருக்குள் இருக்கும் 9 வோல்ட் பேட்டரியையும் கழற்றி வையுங்கள். யாராவது ஆஃப் செய்ய மறந்திருப்பார்கள், ஜூனில் முதலில் தேடப்போவது அந்த மீட்டரைத்தான்.